டிராகன் வீட்டுப் பிள்ளை



நான்கே எழுத்தில் அடங்கிவிடும் ஒரு வழக்குச் சீனர்களிடையே உண்டு. 'வாங் ட்சு செங் லோங்' என்பார்கள். மகன் டிராகனாக வேண்டுமென்று பெற்றவர் எதிர்பார்த்து நிற்பது என்பது அதன் பொருள். பிள்ளை பெண்ணானால் டிராகனுக்குப் பதில் பீனிக்ஸ் பறவை. நம் வீடுகளில் 'பிள்ளை ஆளாக வேண்டும்' என்கிறோம். ஆள் என்றால் மனிதன். அந்த அளவோடு நம் வாய் நின்றுவிடுகிறது. மனம் அங்கே நிற்கிறதா என்பது வேறு கதை. சீனப் பெற்றோர் வாய்விட்டே டிராகன் என்று சொல்லிவிடுகிறார்கள். சரி, டிராகனாகவே பிறந்துவிட்ட ஒரு பிள்ளையின் பாடு எப்படி இருக்கும்? அவனுடைய அப்பா அவனிடம் இன்னும் என்னதான் எதிர்பார்ப்பார்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. டிராகனைப் பறவைநாகம் என்றும் கடல்நாகம் என்றும் தமிழில் எழுதுகிறோம். இரண்டிலும் நாகம் இருப்பது பொருத்தமே. சீனக் கதைகளில் நான்கு கடலையும் ஆளும் டிராகன் மன்னர்கள் வருகிறார்கள் அல்லவா, அவர்களுடைய மூதாதையர் பௌத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து சீனா சென்ற நாகராஜாக்கள். நீருக்கு அதிபதிகள், மழையைத் தருபவர்கள். ஐரோப்பியக் கதைகளில் டிராகன் நெருப்பைக் கக்கும், புதையலைக் காக்கும், கடைசியில் யாராவது ஒரு வீரன் கையால் மடியும். சீன டிராகனுக்கு அந்தக் கெட்ட பெயர் கிடையாது. அது பேரரசரின் சின்னம். ஐந்து நகம் உள்ள டிராகனை உடையில் பொறித்துக்கொள்ளும் உரிமையை அரச குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. ஆகவே பிள்ளை டிராகனாக வேண்டும் என்பதைச் சிறிய ஆசை என்று நினைத்துவிடக் கூடாது.

கீழ்க்கடல் டிராகன் மன்னரின் பெயர் ஆவ் குவாங். அவருடைய மூன்றாவது மகன் ஆவ் பிங். மிங் மரபினர் ஆட்சிக் காலத்தில் எழுந்த 'ஃபெங்ஷென் யென்யீ' என்னும் பெருங்கதையில் இந்த இளவரசன் வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறான். நெஜா என்ற ஏழு வயதுச் சிறுவன் வெயிலின் புழுக்கம் தாளாமல் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறான். அவனிடமிருந்த மாயச் செந்துகிலை நீரில் அலச, கடலடியில் இருக்கும் டிராகன் அரண்மனையே ஆடுகிறது. என்ன ஏது என்று விசாரிக்க வந்த காவலனைச் சிறுவன் கொன்றுவிடுகிறான். அடுத்து ஆவ் பிங் படையோடு வருகிறான், அவனும் மாள்கிறான். அத்தோடு விட்டானா? டிராகன் இளவரசனின் முதுகு நரம்பை உருவி எடுத்துக்கொள்கிறான். எதற்காக என்று கேட்டால் வியப்பாக இருக்கும். தன் அப்பாவுக்கு இடுப்புக் கச்சையாகப் பரிசளிக்கத்தான்!

கொல்லப்பட்டவனும் அப்பாவின் பிள்ளை. கொன்றவனும் அப்பாவின் மனம் குளிர வேண்டுமென்று தவித்த பிள்ளை. பரிசைக் கண்ட நெஜாவின் தகப்பனார், தளபதி லீ ஜிங், மகிழவா செய்தார்? குடும்பத்துக்கே கேடு வந்துவிட்டது என்று நடுங்கினார். முடிவில், பெற்றோருக்குத் தன்னால் தீங்கு நேரக் கூடாது என்று அந்தச் சிறுவன் தன் உடலை அறுத்துச் சதையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பித் தந்துவிடுகிறான். பிறகு அவனுடைய குரு தாமரையைக் கொண்டு அவனுக்குப் புதிய உடல் சமைத்துக் கொடுக்கிறார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் 'மூன்றாம் இளவரசர்' என்று வணங்கும் குழந்தைத் தெய்வம் இவரே.

இந்த நெஜா நமக்குப் புதியவர் அல்லர் என்றால் நேயர்கள் நம்புவீர்களா? கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு போய் இரட்டை மருத மரங்களைச் சாய்த்த கதையை நாம் அனைவரும் அறிவோம். மரமாகச் சபிக்கப்பட்டிருந்த இருவரில் ஒருவன் குபேரனின் மகன் நளகூபரன். அந்த நளகூபரன் என்ற பெயர்தான் பௌத்த நூல்களின் வழியே சீனாவுக்குப் போய், தேய்ந்து திரிந்து, நெஜா ஆகிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். ஊர் மாறினாலும் பெரிய இடத்துப் பிள்ளை என்பது மட்டும் மாறவில்லை.

பழைய கதை இவ்வாறிருக்க, 2019ஆம் ஆண்டு சீனாவில் வெளிவந்த 'நெஜா' என்ற கேலிச்சித்திரத் திரைப்படம் ஆவ் பிங்கைத் தூக்கி நடுவில் வைத்தது. ஐந்நூறு கோடி யுவானுக்கு மேல் வசூலித்த படம் அது. அதன் இரண்டாம் பாகம் 2025இல் வந்து, உலகிலேயே மிக அதிகம் வசூலித்த கேலிச்சித்திரப் படம் என்ற இடத்தைப் பிடித்தது. நாம் வசூலுக்காக இதைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான குடும்பங்கள் தந்தையும் தாயும் பிள்ளையுமாகப் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து இந்தக் கதையைப் பார்த்திருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம்.

படத்தில் டிராகன்கள் அரசர்களாக வாழவில்லை. விண்ணுலகத்தார் அவர்களைக் கடலடியில் சங்கிலியால் பிணைத்து, அங்கே அடைபட்ட அரக்கர்களைக் காவல் காக்க வைத்திருக்கிறார்கள். அரண்மனை என்பது பெயரளவில்தான், உண்மையில் சிறைச்சாலை. இந்த நிலையில் ஆவ் பிங் பிறக்கிறான். பிறக்கும்போதே விண்ணுலகில் பதவி பெறும் வரம் அவனுக்குக் கிடைக்கிறது. கிடைக்கிறது என்ன, இன்னொரு பிள்ளைக்கு என்றிருந்த வரத்தை அவனுக்காகத் திருடிக்கொண்டு வருகிறார்கள். அவன் விண்ணுலகில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் டிராகன் குலம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். எனவே தந்தையார் அவனைப் பார்க்கும் போதெல்லாம் குலத்தின் நம்பிக்கை நீதான் என்கிறார். குருவும் அதையே சொல்கிறார். பையன் ஓயாமல் பயிற்சி செய்கிறான். கடற்கரையில் தற்செயலாக நெஜாவைச் சந்தித்து இறகுப் பந்தைக் காலால் உதைத்து விளையாடும் சில நிமிடங்கள்தாம் படத்தில் அவன் குழந்தையாக இருக்கும் நேரம். தலையிலிருக்கும் கொம்பை முக்காட்டில் மறைத்துக்கொண்டுதான் அந்த விளையாட்டும்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி நம் மனத்தை விட்டு அகலாதது. ஆவ் பிங் தன் கடமையைச் செய்யப் புறப்படும் வேளை. சிறையிலிருக்கும் ஒவ்வொரு டிராகனும் தன் உடலிலேயே மிகக் கடினமான செதிலைப் பிய்த்துக் கொடுக்கிறது. பிய்க்கும்போது ஏற்படும் வேதனையை நாம் கண்ணால் பார்க்கிறோம். அத்தனை செதில்களையும் கோத்து ஒரு கவசம் உருவாகிறது. அதை இளவரசனுக்கு அணிவிக்கிறார்கள். எந்த ஆயுதமும் துளைக்க முடியாத கவசம்! இருந்தாலும் அந்தப் பையனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. குலத்தின் சதையெல்லாம் இப்போது அவன் தோளில் இருக்கிறது. இனி அவன் தோற்றால் அவன் மட்டும் தோற்கமாட்டான். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் எல்லாரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நாம் சீனர் கதையை ஒரு கணம் நிறுத்திவிட்டு நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். பாட்டனார் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் மரம் வெட்டியவர். பாட்டி பால் வாளியைத் தூக்கியவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பா இன்று லாரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். துணைப்பாட வகுப்புக் கட்டணம் கட்ட அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. அத்தையும் மாமாவும் கணினி வாங்க ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் செதில்கள். ஒன்றும் பொய்யில்லை, ஒன்றும் வலிக்காமல் வந்ததில்லை. "நாங்க பட்ட பாடு நீ படக்கூடாதுய்யா, அதுக்குத்தான் சொல்றோம்" என்று அப்பா சொல்லும்போது அவர் குரலில் இருப்பது அன்பேயன்றி வேறில்லை. மகன் "சரிப்பா" என்கிறான். தேர்வு நாளன்று காலையில் அவனுக்கு வயிறு வலிக்கிறது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார். நேயர்களில் ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றுவலி நன்றாகவே தெரிந்திருக்கும். குறைந்த மதிப்பெண் வாங்கிய தாளைப் பையின் அடியில் ஒளித்து வைக்கும் பிள்ளையையும் அவர்கள் அறிவார்கள். அடி விழும் என்ற பயத்தில்தான் ஒளிக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்பாவின் முகம் வாடிவிடுமே என்று ஒளிப்பவர்களும் உண்டு. அதட்டலைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகூட அந்த வாடிய முகத்தைத் தாங்குவதில்லை.

டிராகனாகவே பிறந்த பிள்ளைகள் கதையில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சீன நாட்காட்டியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிராகன் ஆண்டு வருகிறது. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை அறிவும் அதிர்ஷ்டமும் உடையதாக இருக்கும் என்பது நம்பிக்கை. 1976, 1988, 2000, 2012, 2024 ஆகியவை அண்மைக்கால டிராகன் ஆண்டுகள். சீனப் புத்தாண்டு ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வருவதால் தொடக்கமும் முடிவும் சற்று முன்பின்னாக இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு நாம் சிரிக்கத் தேவையில்லை. ஆடி மாதத்தில் புதுமணத் தம்பதியரைப் பிரித்து வைத்து, சித்திரையில் பிள்ளை பிறக்காமல் பார்த்துக்கொண்டவர்கள்தாமே நாமும்! ஒருவர் வேண்டாத மாதத்தைத் தவிர்த்தார். இன்னொருவர் வேண்டிய ஆண்டைத் தேடிப் பிடிக்கிறார். ஜப்பானில் 1966ஆம் ஆண்டு நெருப்புக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கையால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் பிறப்புகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துபோயின.

சிங்கப்பூரின் பிறப்புக் கணக்கைப் பாருங்கள். புலி ஆண்டான 1986இல் பிறந்த குழந்தைகள் சுமார் 38,400. 1987இல் சுமார் 43,600. டிராகன் ஆண்டான 1988இல் ஏறக்குறைய 53,000! இதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. இரண்டு பிள்ளை போதும் என்று சொல்லி வந்த அரசு, 1987இல்தான் வசதியுள்ளவர்கள் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளலாம் என்று கொள்கையை மாற்றியது. கொள்கையும் டிராகனும் சேர்ந்துகொண்டன. அடுத்து 1999இல் சுமார் 43,300 ஆக இருந்தது, 2000இல் 47,000 ஆயிற்று. 2011இல் 39,700 ஆக இருந்தது, 2012இல் 42,700 ஆயிற்று.

பழங்காலந்தொட்டு வரும் வழக்கம் என்று நாம் நினைப்போம். மக்கள்தொகை ஆய்வாளர் டேனியல் குட்கைண்ட் 1991இல் எழுதிய கட்டுரையில் வேறுவிதமாகச் சொன்னார். டிராகன் ஆண்டில் பிறப்பு இப்படிக் கூடுவது 1976இல்தான் எடுப்பாகத் தெரியத் தொடங்குகிறது. நம்பிக்கை பழையது; கருத்தடை முறைகள் கைக்கு வந்தபிறகுதான் அந்த நம்பிக்கைப்படி நாள் குறித்துப் பிள்ளை பெற முடிந்தது. விஞ்ஞானம் வந்தால் இத்தகைய நம்பிக்கைகள் தேயும் என்போம். இங்கே விஞ்ஞானம்தான் அதற்கு வாகனம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இனி அந்த 53,000 குழந்தைகளோடு சேர்ந்து நடந்து பாருங்கள். 1995இல் அவர்கள் தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டும். பெயர்பெற்ற பள்ளிகளில் இடம் முன்பு இருந்த அளவுதான். விரும்பிய பள்ளி கிடைப்பது சிலருக்குக் குலுக்கலின் கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் எல்லாரும் ஒன்றாகத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறார்கள். பிறகு தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், வேலை. ஒவ்வொரு வாசலிலும் முந்திய ஆண்டுப் பிள்ளைகளைவிட நீண்ட வரிசை. அதிர்ஷ்டம் வேண்டுமென்று பெற்றோர் தேர்ந்தெடுத்த ஆண்டே பிள்ளைக்கு நெருக்கடியைக் கொண்டுவந்து சேர்த்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் மிகுந்த டிராகன் ஆண்டுகளில் பிறந்தவர்கள் வேலைக்குச் சேரும்போது மற்றவர்களைவிடக் குறைந்த வருமானமே ஈட்டினார்கள் என்பது அவர்கள் கண்டது.

அதே வகுப்பில் நம் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1988இலோ 2000த்திலோ பிறந்த தமிழ்ப் பிள்ளையின் பெற்றோர் டிராகனைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார்கள். நட்சத்திரம் பார்த்திருப்பார்கள், பெயர் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆயினும் அந்த வரிசையில் அவனும் நின்றாக வேண்டும். யாரோ வேண்டிக்கொண்ட டிராகன் ஆண்டின் கூட்டம் அவன் தோளையும் இடிக்கிறது.

சீனாவிலிருந்து வந்த செய்தி இதற்கு மாறாக இருப்பதையும் சொல்ல வேண்டும். நாசி மோகான், ஹான் யூ என்ற இரு பொருளியலாளர்கள் அங்குள்ள டிராகன் ஆண்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். கல்லூரிக்குச் செல்வோரும் அவர்களில் அதிகம். பிள்ளைகளிடம் பிறவியிலேயே தனித்திறன் ஏதும் இருந்ததா? இல்லை. குடும்பங்களும் மற்றக் குடும்பங்களைப் போன்றவையே. பிள்ளைகள் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டதும் காரணமன்று. பெற்றோர் அவர்களிடம் அதிகமாக எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்ததோடு நில்லாமல் அதிக நேரத்தையும் பணத்தையும் அவர்களுக்காகச் செலவிட்டார்கள். பலன் அதனால் வந்தது.

ஆகவே எதிர்பார்ப்பே கூடாது என்று பேசுகிறவர்களோடு நாம் சேரப் போவதில்லை. எதிர்பார்ப்பில்லாத வீட்டில் வளரும் பிள்ளை தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். அந்த ஆய்வில் நம் கண்ணில் படுவது நேரம் என்ற சொல். பிள்ளையோடு உட்கார்ந்த நேரம். நம்மவர் பலர் பணத்தைக் கொடுத்து நேரத்தை வெளியில் வாங்குகிறார்கள். சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவிட்ட தொகை, 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 180 கோடி வெள்ளி. அந்தப் பணத்தைச் சம்பாதிக்க அப்பா வெளியே போய்விடுகிறார். பிள்ளை வகுப்புக்குப் போய்விடுகிறான். இரவு பத்து மணிக்கு இருவரும் சந்திக்கும்போது அப்பாவிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருக்கிறது: "எத்தனை மார்க்?"

தேர்வு என்றதும் சீனரின் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. மஞ்சள் ஆற்றில் 'டிராகன் வாயில்' என்றோர் இடம். நீரை எதிர்த்து நீந்தி வரும் கெண்டை மீன்கள் அங்கே துள்ளிக் குதிக்கும். வாயிலைத் தாண்டிய மீன் டிராகனாகிவிடும். அரசாங்கத் தேர்வில் வென்று அதிகாரியாவதற்கு இதை உவமையாகச் சொன்னார்கள். அந்தத் தேர்வு முறையைச் சீன அரசு 1905இல் எடுத்துவிட்டது. உவமை மட்டும் நிற்கிறது. தாண்ட முடியாத மீன் என்ன ஆகும் என்பதை நாம் யாரும் கேட்பதில்லை. கதையில் அதற்கும் இடம் இருக்கிறது. அது பாறையில் மோதி நெற்றியில் வடுவோடு ஆற்றுக்குத் திரும்பும். நெற்றியில் புள்ளி விழுந்தவன் என்றால் தேர்வில் தவறியவன் என்று பழஞ்சீனர் பேசிக்கொண்டார்கள். ஊரார் நாவில் அந்தப் புள்ளி தங்கிவிட்டது, பாருங்கள்!

நம் நாடுகளில் வாயிலின் உயரத்தைக் குறைக்க முயற்சி நடந்திருக்கிறது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டது. தற்செயலாக அதுவும் 1988ஆம் ஆண்டின் டிராகன் குழந்தைதான். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு தொடர்கிறது; ஆனால் ஒரு மதிப்பெண்ணுக்கும் இன்னொரு மதிப்பெண்ணுக்கும் இடையே பிள்ளைகளைத் தரம் பிரித்த பழைய கணக்கீடு 2021இல் மாறிற்று. உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்த முறையும் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து நின்றது. இவை நல்ல மாற்றங்களே. பள்ளிக்கூடம் கதவைத் தாழ்த்தினாலும் வீட்டுக் கூடத்தில் இருக்கும் வாயில் அப்படியே நிற்கிறது என்பதுதான் சிக்கல்.

டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள் என்று சீனரிடையே ஒரு பேச்சு உண்டு. ஒன்பதில் ஒன்றுகூட டிராகன் ஆகவில்லை! மிங் காலத்துப் புலவர்கள் இந்த ஒன்பது பேரின் பெயர்களைப் பட்டியலிட்டுப் போனார்கள்; ஆளுக்கு ஆள் பட்டியல் சற்று மாறும். நமக்கு மிகவும் பிடித்தவன் பிஷி. ஆமை போன்ற உருவம். மேகத்தில் பறக்க மாட்டான், மழை தர மாட்டான். அவனுக்குப் பாரம் சுமக்கப் பிடிக்கும். ஆகவே பெரிய கல்வெட்டுகளை அவன் முதுகில் நிறுத்தினார்கள். சீனாவில் அரசர்களின் கல்லறைகளிலும் கோயில்களிலும் கற்பலகையைத் தாங்கிக்கொண்டு கல் ஆமை கிடப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை வெறும் ஆமை என்றே நினைக்கிறார்கள்.

இன்னொருவன் பூலாவ். தொட்டதற்கெல்லாம் பெருங்குரலெடுத்துக் கத்துவான். திமிங்கிலத்தைக் கண்டால் அவனுக்குக் குலைநடுக்கம். நம் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வாயை மூடு என்போம். அவர்கள் அவனைக் கோயில் மணியின் மேலே, மணியைத் தொங்கவிடும் வளையமாக உட்கார வைத்தார்கள். மணியடிக்கும் கட்டையைத் திமிங்கில உருவில் செய்தார்கள். திமிங்கிலம் வந்து முட்டியதும் பூலாவ் அலறுவான். மணியோசை ஊரெல்லாம் கேட்கும். சியூநியூ என்பவனுக்கு இசைப் பித்து. பிடிலின் தலையில் செதுக்கினார்கள். சூவென் எதைக் கண்டாலும் விழுங்குவான். கூரை முகட்டின் முனையில் வைத்தால் தீயை விழுங்குவான் என்று அங்கே ஏற்றினார்கள். சுவான்நீ புகைக்கு அருகில் சும்மா உட்கார்ந்திருக்கவே விரும்புகிற சோம்பேறி. அவனுக்குச் சாம்பிராணிக் கலயம். சண்டைக்காரன் யாட்சு வாளின் கைப்பிடிக்குப் போனான். வழக்கு வியாஜ்யத்தில் ஆசையுள்ள பீஆன் சிறைச்சாலைக் கதவில் முகம் காட்டுகிறான்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுவது, இதைச் செய்தவர் எவரோ பிள்ளைகளை வெகுநேரம் கவனித்திருக்கிறார் என்பதுதான். கத்துகிறவன் எதைக் கண்டு கத்துகிறான், சும்மா உட்காருகிறவன் எங்கே உட்கார விரும்புகிறான் என்று பார்த்த பிறகல்லவா இடம் கொடுத்திருக்கிறார்! கதையில் தகப்பன் டிராகன் என்ன நினைத்தது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. ஒன்பது முறை ஏமாந்ததா, ஒன்பது முறை சிரித்ததா?

'நெஜா' படத்தை எடுத்த ஜியாவ்ட்சு என்ற இயக்குநரைப் பற்றியும் ஒரு சொல். அவர் படித்தது மருந்தியல். வெள்ளைச் சட்டை போட்டு மருத்துவமனையில் நிற்க வேண்டியவர், படம் வரைய வேண்டுமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தகப்பனார் காலமாகிவிட, தாயாரின் ஓய்வூதியத்தில் இருவரும் காலந்தள்ளினார்கள். மூன்றாண்டுக்கு மேல் அந்தத் தாய் பொறுத்திருந்தார். பதினாறு நிமிடக் குறும்படம் ஒன்று 2008இல் முடிந்து வெளிவந்தது. நெஜா வர அதற்குப் பிறகும் பதினோராண்டு ஆயிற்று. அந்தப் பதினோராண்டில் அக்கம்பக்கத்தார் அந்த அம்மையாரிடம் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும். அதே கேள்விகள் நம் புளோக்கின் மின்தூக்கியிலும் கேட்கின்றன.

ஆவ் பிங் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முதல் பாகத்தில், தன் பிறப்பு ரகசியம் வெளியாகாமலிருக்க ஓர் ஊரையே பனிப்பாறைக்கு அடியில் புதைத்துவிடுமாறு குரு சொல்ல, பனிப்பாறையை ஊருக்கு மேலே உயர்த்துகிறான். மனம் கொள்ளாமல் தடுமாறுகிறான். கடைசியில் கவசத்தைத் தந்தவர்களின் எண்ணத்துக்கு மாறாக நெஜாவோடு நின்று, இடி இருவர் மீதும் விழ, உடலை இழக்கிறான். இரண்டாம் பாகத்தில் புதிய உடலோடு வரும் மகனிடம் ஆவ் குவாங் முன்போலப் பேசுவதில்லை. அப்பாவின் அனுபவம் மகனுக்கு அப்படியே பொருந்திவிடும் என்பதில்லை, உன் பாதையில் நீயே போய்ப் பார் என்ற கருத்தில் பேசி அனுப்புகிறார். கடலையே ஆண்ட மன்னர் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு முழுநீளப் படம் தேவைப்பட்டது.

2024ஆம் ஆண்டும் டிராகன் ஆண்டே. இம்முறை சிங்கப்பூரில் பெரிய கூட்டம் வரவில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பெற்ற குழந்தைகள் சுமார் 30,800. முந்திய ஆண்டைவிடச் சில நூறுதான் கூடுதல். ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை என்ற அளவுகூட இல்லை, 0.97 என்ற விகிதத்தில் முந்திய ஆண்டு இருந்தபடியே நின்றுவிட்டது. வரிசை நீளம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் செதில்கள் அனைத்தும் ஒற்றைப் பிள்ளையின் தோளுக்கு வருகின்றன. அந்தக் குழந்தைகளில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2031ஆம் ஆண்டு ஜனவரியில் புதுச் சப்பாத்தும் புத்தகப் பையுமாகப் பள்ளி வாசலுக்கு வருவார்கள்.